கங்காவின் கல்

மலை வழியாகப் போனால் ரவாங்கில் இருந்த பேக்டரிக்கு ஒன்பது மைல். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் வரை நடந்து, அங்கிருந்து சுற்றிக்கொண்டு ரவாங் போய்ச் சேர இரண்டு மணி நேரமாகும். அதனால் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் மலை ஏறினோம். நான், கங்கா, இராஜம்மா அக்கா.

எண்பத்து நான்கில் அந்தக் காட்டில் மரம் வெட்டுவது நின்றுபோனது. மரம் ஏற்றிய லோரிகள் ஓடிய செம்மண் சரளைச் சடக்கின் குறுக்கே, தோட்டத்து எல்லையில், பெரிய மரக்கட்டை ஒன்றைப் போட்டு அடைத்துவிட்டார்கள். அதன் ஓரத்தில் சைக்கிள் நுழைய மட்டும் இடமிருந்தது. பிறகு கார், லோரி எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. புழுதி இல்லை, ஹாரன் இல்லை, இரண்டு பக்கமும் காடு. விழுந்தால் தூக்கிவிடவும் ஆளில்லை.

அதற்காகத்தான் கல் வைத்தோம். ஆளுக்கு ஒன்று, அந்தக் கட்டையின் மேல். என்னுடையது கறுப்பு. கங்காவுடையது முட்டை போல வெள்ளை. அக்காவுடையது செங்கல் துண்டு. காலையில் மலைக்குள் போகும்போது அவரவர் கல்லைக் கட்டையின் இடது ஓரத்துக்கு நகர்த்துவோம்; சாயங்காலம் திரும்பியதும் வலது ஓரத்துக்கு. ஓவர்டைம் இருப்பதால் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்புவது அபூர்வம். வீடுகளும் வேறு வேறு டிவிஷனில். கட்டைக்குப் பக்கத்து லயத்து வீட்டில் இருந்த அக்கா ஏழு மணிக்கு வந்து பார்ப்பாள். இடது பக்கம் ஒரு கல் மிச்சமிருந்தால் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி ஆட்களை மேலே அனுப்ப வேண்டும். ஒருமுறை, வழியில் பாம்பு படுத்திருந்ததென்று இரண்டு மணி நேரம் அசையாமல் நின்ற என்னை அப்படித்தான் கூட்டி வந்தார்கள்.

இரண்டே விதிகள். அடுத்தவள் கல்லைத் தொடக் கூடாது. சேர்ந்து புறப்பட்டால் ஒருத்தியை விட்டு ஒருத்தி வரக் கூடாது. இரண்டையும் நான் ஒரே சாயங்காலத்தில் மீறினேன்.

அன்று கங்காவும் நானும் சேர்ந்து புறப்பட்டோம். ஆறு மணிக்கு டிவியில் தமிழ்ப் படம். தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி சிவானந்தம் வீட்டில் கூட்டம் சேர்வதற்குள் போனால்தான் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். உச்சியைத் தாண்டியதும் கங்காவின் சைக்கிளில் சங்கிலி கழன்றது. மாட்டினாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி கழன்றது.

"என்னாடி, இது ரெண்டாவது வாட்டி," என்றேன்.

"இதுக்கும் ஓவர்டைம் பிடிக்கல போல லா." கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு சிரித்தாள். "நீ போ லீலா, படம் போட்டுருவான். நான் மெதுவா வந்துர்றேன்."

"அக்கா ஏசும்."

"ஏசட்டும். ஏசலன்னா அதுக்குக் காய்ச்சல்னு அர்த்தம்."

அவள் போ என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் அதைச் சொல்வதற்கு முன்பே என் கால் பெடலில் இருந்தது.

கட்டைக்கு வந்து என் கறுப்புக் கல்லை வலது பக்கம் நகர்த்தினேன். அக்காவின் செங்கல் துண்டு ஏற்கனவே அங்கிருந்தது. வெள்ளைக் கல் மட்டும் தனியாக இடது ஓரத்தில். நான் அவளை விட்டுவிட்டு வந்ததை அது அப்படியே சொல்லிவிடும். எப்படியும் அரை மணியில் வந்துவிடப் போகிறாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாவம், மழையில் அக்கா ஏன் அலைய வேண்டும் என்றுகூட நினைத்தேன். தவறு செய்கிற நேரத்தில் அடுத்தவர்மேல் அவ்வளவு கரிசனம் எங்கிருந்துதான் வருகிறதோ. வெள்ளைக் கல்லை எடுத்து என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

படம் பாதி ஓடியிருக்கும். கங்காவின் அம்மா நாகமணி அத்தை கிராணி வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். பின்னால் இராஜம்மா அக்கா, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு.

"லீலா, கங்கா உன்கூடதானம்மா வந்தா? இன்னும் வீட்டுக்கு வரல."

"மலைய தாண்டிட்டா அத்தாச்சி," என்றாள் அக்கா. "மூணு கல்லும் வலது பக்கம் இருக்கு, நானே பார்த்தேன். இங்கதான் எங்கயாச்சும் இருப்பா."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் படம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"ஆமா அத்தை. சேர்ந்துதான் வந்தோம்," என்றேன்.

ஆண்கள் வாய்க்கால் ஓரமும் மற்ற டிவிஷன்களிலும் தேடினார்கள். இரண்டு பேர் பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் ஸ்டாண்டுக்கே போனார்கள். மலைக்கு ஒருவரும் போகவில்லை. தாண்டி வந்தவளை அங்கே ஏன் தேட வேண்டும்? நான் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். நடுவில் எழுந்தால் சந்தேகம் வரும் என்று.

விடியும்போது மழை விட்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். கீழிருந்து மூன்றாவது வளைவில் சரளை வாரி விட்ட தடம் தெரிந்தது. அவள் பள்ளத்தில் கிடந்தாள், கால்மேல் சைக்கிள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பிக் கீழே போய் ஆட்களைக் கூட்டி வந்தேன்.

தூளி கட்டி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

"பொண்ணுன்னா இது பொண்ணு!" மண்டோர் தங்கராஜு எல்லார் முன்னாலும் சொன்னார். "நாங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம், இது தனியா மலைக்குப் போயிருக்கு. உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"கனவு வந்துச்சு," என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அன்று மாலைக்குள் அது முனியாண்டி சாமி கனவில் வந்து இடத்தைக் காட்டியதாக ஆகிவிட்டது. கோயிலில் என் கையால் தேங்காய் உடைக்க வைத்தார்கள். நாகமணி அத்தை அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தையின் கண்ணீர் என் விரல்களில் பட்டது. வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவினேன்.

கங்கா பிழைத்துவிட்டாள், இனி அந்தக் கல்லைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். பத்து நாளில் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பேச்சு வேறு மாதிரி கேட்டது.

"கட்டைய தாண்டி வந்தவ, மறுபடி ஏன் மேல ஏறினா?"

"அதுவும் இருட்டுற நேரத்துல. சும்மாவா ஏறுவா? யாரோ வரச் சொல்லியிருக்கான்."

தான் தாண்டவே இல்லை என்று கங்கா ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் காய்ச்சலில் உளறுகிறாள் என்றார்கள். பிறகு பொய் சொல்கிறாள் என்றார்கள். கல் வலது பக்கம் இருந்தது. சேர்ந்து வந்ததாக நானும் சொல்லியிருந்தேன். அவளுக்கும் சுங்கை சோவில் இருந்த கார்த்திகேசுவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அவன் அம்மா தாயம்மா ஆள் அனுப்பினாள்: கால் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம். அந்தப் ‘பிறகு’ எப்போதும் வராது என்று எல்லாருக்கும் புரிந்தது.

கங்கா வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். தொடைவரை மாவுக்கட்டு. அத்தை கடைக்குப் போயிருந்தாள். நான் கொண்டுபோன மைலோ டின்னைக் கங்கா தொடவில்லை.

"அன்னிக்கு ராத்திரி பூரா ஒண்ணுதான் நினைச்சேன்," என்றாள். "என் கல்லு இடது பக்கம் இருக்கு, அக்கா பார்க்கும், ஏழு மணிக்கு ஆள் வரும். ஏழாச்சு. எட்டாச்சு. யாரும் வரல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு லீலா."

மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் என் பேரச் சொல்லல?"

"சொன்னா? காப்பாத்தினவ மேலேயே பழி போடுறா பாருன்னு காறித் துப்புவாங்க. நீயே வாயத் திறப்பேன்னு பார்த்தேன். நீ என்னான்னா சாமி கனவுல வந்துச்சுன்னு தேங்கா உடைக்கிற."

"என்னை மன்னிச்சிரு கங்கா."

"அழாத. அழுதுட்டுப் போயிட்டா உனக்கு முடிஞ்சிரும். எனக்கு முடியுமா? எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலமே பைப்படியில் நின்று சொன்னேன். இராஜம்மா அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "இத்தனை நாள் என்னாடி பண்ணிக்கிட்டிருந்த?" என்று கேட்டாள். நாகமணி அத்தை ஏசவில்லை, அடிக்கவில்லை. குடத்தைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சோவுக்குப் போனேன். கார்த்திகேசுவின் அம்மா காப்பி கொடுத்தாள். அது ஆறும்வரை நான் எல்லாவற்றையும் சொன்னேன். படம், கல், பொய், கனவு. என்னை நல்லவளாகக் காட்டும் வார்த்தை ஒன்று இரண்டு இடத்தில் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணுதான் அனுப்புச்சா?"

"எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுன்னு சொன்னா."

"உன்னை மன்னிச்சிருச்சா?"

"இல்லம்மா."

அவள் ஆறிப்போன காப்பியை எடுத்து ஓரமாக வைத்தாள். "மன்னிச்சிருச்சுன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு நடிக்கிறீங்கன்னு நினைச்சிருப்பேன்." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கார்த்தி, சட்டைய மாட்டுடா. அந்தப் பொண்ணப் போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்."

என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அவளுக்காக இறங்கியதா, எனக்காக இறங்கியதா என்று பார்க்கப் பயந்து, குனிந்து செருப்பை மாட்டினேன். தாயம்மா புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போய் மகனின் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். போய் வருகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மரியாதை எனக்குத் தாங்கியிருக்காது.