அத்தையின் காதுக்கு ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்

"அத்தை, மாத்திரை போட்டாச்சா?" மூன்றாவது தடவையாகக் கேட்டேன். மாமியார் காதைத் தொட்டுக் காட்டி, "மிஷின் என்னமோ கரகரங்குதும்மா, ஒன்னும் புரியல" என்றார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் கணவர், "அம்மா, கெளம்பறேன்" என்று முணுமுணுத்தார். "குடை எடுத்துக்கோடா" என்று உடனே பதில் வந்தது. மகன் முணுமுணுத்தால் கேட்கிறது, மருமகள் தொண்டை கிழியக் கத்தினால் கேட்கவில்லை. இது நடிப்பு இல்லாமல் வேறென்ன? இதையே சொல்லிச் சொல்லித்தான் கணவரைக் கரைத்திருந்தேன். அத்தை இனி நாத்தனார் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு. மத்தியானம் சாப்பிட வரும்போது அக்காவிடம் போனில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த மிஷின் எங்கள் ஆபீஸ் தயாரிப்பு. வீட்டில் போட்டுப் பார்க்க நான்தான் கொண்டுவந்தேன். ஹால் மேஜையில் குட்டி மைக், அத்தை காதில் ஒரு துண்டு. மைக் கேட்பதை வயரில்லாமல் எந்த அறைக்கும் அனுப்பும். அதற்குள் இருக்கும் சிப்புக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் டீம் லீடருக்கும் ஆகாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அமுக்குணி. ஒன்று புள்ளி இரண்டு போதும், பேட்டரி நாள்கணக்கில் நிற்கும் என்பார். ஒன்று புள்ளி எட்டு வேண்டும் என்பேன் நான். டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில்தான் ஒலி ஏறி இறங்க வேண்டும். வோல்ட்டைக் குறைத்தால் அது பரண் மாதிரி. தவழலாம், நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

அன்று கடைசி முடிவு எடுக்கும் நாள். அமுக்குணி காட்டிய டெஸ்ட் முடிவுகள் படு சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தம்தான் எனக்கு உறுத்தியது.

"யார் குரல்ல டெஸ்ட் பண்ணீங்க?"

"என் குரல்லதான். ஏன்?"

பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத குரல் அவருக்கு. மைக்கைப் பிடுங்கி நான் வழக்கமாகப் பேசுகிற மாதிரி பேசினேன். ஹெட்போன் மாட்டியிருந்தவர் முகம் சுளித்தார். பதிவை எனக்கும் போட்டுக் காட்டினார். அவர் பேச்சு மணிமணியாக இருந்தது. என் பேச்சு தகரத்தைக் கிழிக்கிற சத்தம். பரணில் தலை இடித்துக்கொண்ட குரல், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"சரி, ஒன்னு புள்ளி எட்டே வச்சுக்கலாம். நீங்க சொன்னதுதான் சரி."

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அத்தை காதில் இருப்பதும் இதே ஒன்று புள்ளி இரண்டு வோல்ட் மிஷின்தான். கரகரங்குதும்மா என்று அவர் சொன்னது நிஜம். ஆபீஸில் சிப்பைச் சந்தேகப்பட்டேன், வீட்டில் மாமியாரைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன்.

"அக்காகிட்ட பேசிட வேண்டாம், கொஞ்சம் பொறுங்க."

"இப்பத்தான் பேசி முடிச்சேன். நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லிட்டா."

"எங்க உக்காந்து பேசினீங்க?"

"ஹால்லதான். அம்மா உள் ரூம்ல இருந்தாங்க. அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு ரொம்ப மெதுவாத்தான் பேசினேன்."

மெதுவாகப் பேசினால்தான் அந்த மைக் மணிமணியாக அனுப்பும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஹாலில், மைக் இருந்த அதே மேஜையில் கணவர் குடித்துவைத்த தண்ணீர் டம்ளர் இருந்தது. உள்ளறையில் அத்தை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பைக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் நான் பேசியிராத மெல்லிய குரலில், "அத்தை" என்றேன். திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். காதுத் துண்டு தலையணைமேல் கிடந்தது. அதன் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அத்தை இன்னொரு துணியை எடுத்து உதறி மடித்தார்.