பதினெட்டு அடி வெள்ளம்

ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் பொறுப்பைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அளவுக்காரருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் ஆற்றங்கரையில் இறங்கி, அடிக்கோடுகளைப் பார்த்து, ஆற்றின் அளவை நோட்டில் எழுதி வந்தவர் அவர். அந்த ஆற்றை விட்டால் நூற்றைம்பது வீட்டு ஊருக்கு வேறு என்ன வரலாறு இருக்கிறது? அதைப் போய், தண்ணீரில் கால் நனைக்கவே பயப்படுகிறவன் எழுதுவதாம்.

எழுதுகிறவன் யாரோ எவரோ என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். சொந்தச் சகலை. அளவுக்காரர் கட்டியது ஓடக்காரரின் மூத்த மகளை, தையல்காரர் கட்டியது இளையவளை. தையல்காரருக்கு வாய் நிறையப் பேச்சு. பட்டன் தைக்க வந்தவர்கள் பாதி நாள் அவர் கடையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் எழுதினத வாசிச்சுக் காட்டினாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு" என்று அளவுக்காரரின் மனைவியே ஒருநாள் சொன்னாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் நோட்டைப் பார்த்து அவள் ஒருநாளாவது கண் கலங்கியதுண்டா? நோட்டில் வெறும் எண்கள்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

ஒரு சாயங்காலம் தையல்காரரே வந்து நின்றார்.

"அண்ணே, உங்க நோட்டப் பாத்துதான் வெள்ள அளவெல்லாம் எடுத்தேன். நீங்க சரின்னு சொன்னா அச்சுக்குக் குடுத்துருவேன். முழுசும் கொண்டாந்திருக்கேன், படிக்கிறீங்களா?"

"எனக்கெதுக்குப்பா அதெல்லாம். அளவ மட்டும் காட்டு."

படித்து, அது நன்றாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

தையல்காரர் ஒரு தாளை மட்டும் நீட்டினார். முதல் வெள்ளம் பதினெட்டு அடி. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தது இருபத்தோரு அடி. இதுவே ஊர் கண்ட பெரிய வெள்ளம் என்று எழுதியிருந்தது.

தப்பு பளிச்சென்று தெரிந்தது. முதல் வெள்ளத்தை அளந்தது பழைய ஓடத்துறைக் கம்பத்தில். பாலம் வந்த பிறகுதான் அளவு அதன் தூணுக்கு மாறியது. தூணில் கோடுகள் கம்பத்தைவிட ஆறு அடி கீழே இருந்து தொடங்குகின்றன. ஆகவே அன்றைய பதினெட்டு, இன்றைய கணக்கில் இருபத்துநான்கு. முதல் வெள்ளம்தான் பெரியது. இது அளவுக்காரரைத் தவிர ஊரில் எவருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வீடுகளும் இல்லை. முதல் வெள்ளத்தோடு ஊரே மேட்டுக்குக் குடியேறிவிட்டது.

அவருக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போலிருந்தது. புத்தக வெளியீட்டு விழாவில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது எழுந்து, "ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்தால் போதும். சகலையின் மானம் கப்பலேறிவிடும்.

"எல்லாம் சரிதான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

விழா பள்ளிக்கூடத்தில் நடந்தது. தேய்த்த சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த மூன்று சொற்களையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் புத்தகத்தைப் புரட்டிய மில்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"பெரிய வெள்ளத்துல ஒரு உயிர்கூடப் போகல பாரேன். அதவிட மூணடி கம்மியா வந்ததுல போய் ஓடக்காரர் படகக் கவுத்துட்டாரே. அன்னைக்குக் குடிச்சிருந்தாரோ என்னமோ."

"அளவுல தப்பு இருக்கும்யா."

"எப்படி இருக்கும்? அளவுக்காரரே பாத்துக் குடுத்ததுன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கே."

இரண்டு பேர் சிரித்தார்கள். முதல் வெள்ளத்தில் ஓடக்காரர் நான்கு நடை போய் ஊரையே கரையேற்றினார். ஐந்தாவது நடை போனவர் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. தாளைக் கையில் வைத்திருந்தபோது அளவுக்காரருக்கு மாமனார் நினைப்பே வரவில்லை. சகலை நினைப்பு மட்டும்தான் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"ஏங்க, எங்கப்பா போன தண்ணி எத்தன அடி? நீங்க சொல்லுங்க."

பொய் சொல்லிவிடலாம்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை.

"இன்னைக்கு அளவுல... இருபத்துநாலு."

மேடையில் தையல்காரரின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர்தான் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். அவசர அவசரமா காட்டினேன். அண்ணன் கவனிச்சிருக்க மாட்டாரு."

இந்த நிலையிலும் நல்ல பேர் அவனுக்கே போகிறதே என்று அளவுக்காரருக்கு எரிந்தது. அப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. தலையாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம். மெல்லத் தலையாட்டினார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷத்துல அரை அடி தப்பா எழுதினதில்ல இவரு" என்றாள் தையல்காரரிடம். "இவரா கவனிக்க மாட்டாரு?"