பதினேழாம் எண்

வாக்கியம் காதில் விழுகிற நொடிக்கும் அது புரிகிற நொடிக்கும் நடுவே மூளை என்ன செய்கிறது என்பதுதான், முதுகலை மொழியியல் இரண்டாம் ஆண்டில் அவளுடைய ஆய்வு. திரையில் இரண்டு படங்கள், காதில் ஒரு வாக்கியம், பொருந்துகிற படத்துக்குப் பொத்தானை அமுக்க வேண்டும். இதற்கு ஐம்பது பேரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் எண்ணைப் பார்த்தாலே நண்பர்கள் போனை எடுப்பதில்லை.

கூப்பிடாமல் வந்தது அம்மா ஒருத்திதான். மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, "உன் கம்ப்யூட்டர் கெட்டுப்போனா என் தலையில கட்டாத" என்றாள். எல்லாவற்றுக்கும் கிண்டல்.

முடிவுகளில் பெயர் இருக்காது. எண்ணும் வயதும் மட்டும்தான். எண்ணைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, பட்டியலை உறையில் ஒட்டி வைப்பது துறை எழுத்தரின் வேலை. பாதிக்கு மேல் தப்பாக அமுக்கியவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று நீக்கிவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். மூன்று பேர் அப்படிப் போனார்கள். அவள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பேராசிரியர் அந்த மூன்றையும் கேட்டு வாங்கினார். இரண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பதினேழாம் எண்ணில் நின்றுவிட்டார்.

"கவனமில்லாதவங்க சட்டுசட்டுன்னு அமுக்கிட்டுப் போயிடுவாங்கம்மா. இவங்க ஒவ்வொண்ணுக்கும் பத்து செகண்டு யோசிச்சிருக்காங்க. அப்பவும் தப்பாகுது. சின்ன வாக்கியம்னா சரி, கொஞ்சம் நீண்டா பிடி விட்டுப்போகுது. ஐம்பத்தோரு வயசுல இப்படி ஆகக்கூடாது. யாருன்னு பாத்து உடனே நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பு."

அந்த வயதில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், யாரென்று பிடிபடவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது, மறைப்பானேன். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஆய்வேடு எங்கேயோ போய்விடும். அந்தக் குஷியோடுதான் அலுவலகத்தில் உறையைக் கிழித்தாள்.

பதினேழுக்கு நேரே அம்மாவின் கையெழுத்து.

மறுபடி விரல் வைத்துப் பார்த்தாள். அதே கையெழுத்துதான். எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏதோ சொன்னார், அது அவளுக்கு ஏறவில்லை.

மருந்துக் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மகள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அம்மா கிண்டல் பண்ணவில்லை. அதுதான் மகளுக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

"ரொம்ப நாளாவே எனக்கு டவுட்டுதான்" என்றாள் அம்மா. "கடைக்கு வர்றவங்க நீளமா ஏதாவது சொன்னா தலையும் புரியல, வாலும் புரியல. டாக்டர்கிட்ட போக பயம். அதான் உன் டெஸ்டுக்கு வந்தேன். ஏதாவது இருந்தா நீ கண்டுபிடிச்சிருவேல்ல."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் நினைச்சேன். மூணு மாசமா நீ ஒண்ணும் சொல்லல. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லபோலன்னு நிம்மதியா இருந்துட்டேன்டி."