யெட்டெவின் நான்கு நிமிடங்கள்

டீலோவின் படத்தில் நடிக்க வந்த பெண் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டாள். தங்கியிருந்த வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, வெந்நீர் வரவில்லை, டீலோவின் வாயிலிருந்து ஒரு நல்ல சொல்லும் வரவில்லை. மிஞ்சியது மூன்று பேர். இயக்குநர் டீலோ, கேமராவுக்கு பென்னோ, ஒலிப்பதிவுக்கு கெசீனெ என்ற நான், மிஞ்சிய ஒரே பெண். ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில் வெண்டெலோ என்று ஒரு ஊர். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அக்டோபர் மாதம்.

மதியம் தொத்திறைச்சி வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். இறைச்சிக் கவுண்டரில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நெட்டை, கூன் விழுந்த தோள்கள். மேனேஜர் க்ரூபெ எங்கள் எதிரிலேயே அவளை விரட்டினான்.

"ஏய் மரக்கட்டை, வர்றவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்ல வாய் வராதா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நறுக்கினாள், நிறுத்தாள், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"கிடைச்சுட்டா," என்றான் டீலோ என் காதில். படம் தனிமையில் கிடக்கும் ஒரு இளம்பெண்ணைப் பற்றியது.

அவள் பெயர் யெட்டெ. நடிக்கிறாயா என்று கேட்டதற்கு, "நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். இப்ப எப்படி இருக்கியோ அப்படியே இரு."

இதுவரை யாருமே தன்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். டீலோ அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கடை வேலை முடிந்ததும் வருவாள். நான் அவள் சட்டைக்குள் சின்ன மைக்கை மாட்டிவிடுவேன். அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவள் பேசுவாள். மதிய உணவைக் கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் மேடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாளாம். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருத்தி சிநேகிதியாக இருந்து, அவளும் ஊரை விட்டுப் போய்விட்டாளாம். மைக்கை மாட்டி முடித்ததும் டீலோ கத்துவான். "நடிக்காதே! உன்கிட்ட இல்லாததை ஏன் தேடறே?" மொபெட்டில் போகிற பையன்கள், "என்ன ஹீரோயின், கறி எவ்வளவு?" என்று கூவிவிட்டுப் போவார்கள். அப்படியும் அவள் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

ஒன்பதாம் நாள் ஆற்றங்கரை மேட்டில் படப்பிடிப்பு. இடைவேளையில் டீலோவும் பென்னோவும் காபி குடிக்கப் போனார்கள். நான் வேனில் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் யெட்டெவின் அம்மா மார்லீஸ் சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறுவது தெரிந்தது. மகளின் மைக் அணைக்கப்படவில்லை.

"ஊரே கைகொட்டிச் சிரிக்குதுடி. உன் மூஞ்சிக்கு சினிமா ஒரு கேடா?"

யெட்டெவின் சட்டை மைக்கில் உரசியது.

"உங்கப்பன் ஏன் ஓடினான்னு நெனச்சே? தொட்டில்ல உன்னைப் பாத்தான், ஓடிட்டான். உன்னைப் பெத்த ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்திருக்கணும் நான்."

 பிறகு யெட்டெவின் குரல், நடுங்காமல் வந்தது.

"அவர் ஓடினது உன்னாலம்மா. நானும் போயிடுவேன். அப்புறம் யாரைத் திட்டுவ? சுவத்தையா?"

மார்லீஸ் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்; ஹெட்போனில் அது கதவை அடித்துச் சாத்தியது போலக் கேட்டது. அம்மா சைக்கிளில் போன பிறகும் யெட்டெவின் மூச்சு என் காதுக்குள் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கருவியை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் சூப் குடிக்கும்போது டீலோ பென்னோவின் முன்னால், "நீ பதிவு பண்ணது பூரா காத்துதான். காது இருக்கா உனக்கு?" என்றான். அவன் வாயை அடைக்கத்தான் அம்மாவும் மகளும் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினேன். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "இன்னொரு தடவை போடு," என்றான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஊர்த் தீயணைப்புப் படைக் கூடத்தில் படத்தைத் திரையிட்டோம். அறுபது பேர் இருப்பார்கள். கேக், காபி, பியர். மார்லீஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யெட்டெ கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில். "பயமா இருக்கு, ஆனா நல்ல பயம்," என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் யெட்டெவின் முதுகு கரைமேட்டில் நடந்து போனது. அதன்மேல் அந்தக் குரல்கள். அம்மா, மகள், அறைந்த சத்தம், மூச்சு. நான்கு நிமிடம். அந்தப் படத்தில் உயிருள்ள இடம் அது ஒன்றுதான்.

"சத்தத்தைக் கூட்டுங்கப்பா, பின்னாடி கேக்கலை!" என்றான் க்ரூபெ. சிரிப்பு எழுந்தது.

மார்லீஸ் எழுந்து நின்றாள். "எவன் எடுத்தான் இதை?" பிறகு மகளைத் தேடித் திரும்பினாள். "ஊரைக் கூட்டி வச்சு என் மானத்தை வாங்கிட்டியேடி."

யெட்டெ அம்மாவையும் பார்க்கவில்லை, டீலோவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இது பதிவானது உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

எழுந்து வெளியே போனாள். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் டீலோ அவளை மறித்தான். படத்தை ஒரு திரைப்பட விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் குரலைப் பயன்படுத்தச் சம்மதக் கையெழுத்து வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை அவள் கையில் திணித்தான்.

"போட மாட்டேன்," என்றாள்.

"யெட்டெ, இது கலை. உனக்குப் புரியாது."

"புரியுது. போட மாட்டேன்."

"நான் வர்றதுக்கு முன்னாடி நீ யாரு? கொத்துக்கறி நிறுத்துப் போட்டுட்டு இருந்தவ!"

"இப்பவும் அதான். திங்கக்கிழமை ஆறு மணிக்கு ஷிஃப்ட். எங்க நின்னாலும் அது என் குரல். போட மாட்டேன்."

அவன் இன்னும் என்னென்னவோ கத்தினான். வழக்கு என்றான், நஷ்டம் என்றான், மரக்கட்டை என்றும் சொன்னான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, அவன் முடிக்கும் வரை நின்றாள். அவள் தோள்கள் எவ்வளவு அகலம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பதிவு எங்கே?"

"எல்லாப் பிரதியையும் உன் கண் முன்னாலேயே அழிச்சுடறேன்."

"ஒண்ணை விட்டு மிச்சத்தை அழி. அந்த ஒண்ணை என்கிட்ட குடு."

"எதுக்கு, யெட்டெ?"

"அதுல நான் எங்கம்மாவுக்குப் பதில் சொல்லியிருக்கேன். முதல் தடவை." காகிதத்தை டீலோவிடம் திருப்பி நீட்டிவிட்டு, என்னிடம் சொன்னாள்: "உனக்கு இதுல நன்றி ஒண்ணும் கிடையாது."

செய்தேன். டீலோ அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. அந்த நான்கு நிமிடம் இல்லாத படத்தை விழாக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மே மாதத்துக்குள் யெட்டெ மாக்டெபுர்க் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை தேடிக்கொண்டாள். மார்லீஸ் கடைக்குப் போய், க்ரூபெயிடம், என் மகளைத் துரத்தியவன் நீதான் என்று கத்தினாளாம். அவன், நீதான் என்றானாம். இதைச் சொன்னது கவுண்டரில் சிரித்த பெண்களில் ஒருத்தி.

நான் யெட்டெவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மாக்டெபுர்க் ஸ்டேஷனில், ரயில் கதவருகே நான் பெட்டியோடு நின்றிருந்தேன். யெட்டெ இன்னொரு பெண்ணோடு சத்தமாக ஏதோ வாதாடிக்கொண்டே வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"யெட்டெ," என்றேன்.

"மன்னிக்கணும், வழியை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க," என்றாள்.

நகர்ந்து நின்றேன். இருவரும் ஏறிப் போனார்கள்.