நீல ஓடு பதித்த குழி

மலையடிவாரத்தில் பூமி முன்பு பிளந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க நிலவியல்காரி இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தாள். மண்ணடுக்குகள் அறுபட்டு ஒரு முழம் இறங்கிக் கிடந்தன. அடுத்த பூகம்பத்திலும் இங்கேதான் பிளக்கும், வீடு கட்டாதீர்கள் என்று அறிக்கை கொடுத்தாள். ஆறே மாதத்தில் அந்தக் குழிக்குள் நீல ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீச்சல் குளம், மேடம். தோண்டுற வேலை மிச்சம்!" என்று பல்லிளித்தான் கட்டடக்காரன்.

"என் அறிக்கையப் படிச்சுத் தொலைச்சீங்களா?"

"படிக்காமலா? மண் பரிசோதனை முடிஞ்ச இடம்னு விளம்பரத்துல உங்க பேரையே போட்டிருக்கோமே!"

அவள் காறித் துப்பிவிட்டுத் திரும்பியபோது செல்போன் அடித்தது. அழைத்தது அக்கா.

"ஏய், மலையடிவாரத்துல வீடு வாங்கிட்டோம்டி! விளம்பரத்துல உன் பேரப் பார்த்ததும் உங்க அத்தான் யோசிக்கவே இல்ல."