நம்பர், நம்பார்

1

இந்தக் கதை என் தட்டச்சுப் பிழையில் பிறந்தது. 'அவர் எவரையும் நம்பார்' என்று ஏதோ ஒரு கட்டுரைக்கு எழுதப்போய், துணைக்கால் ஒன்று விடுபட்டு, 'அவர் எவரையும் நம்பர்' என்று விழுந்தது. அழிக்க மனம் வரவில்லை. அந்தத் துணைக்கால் அளவு இடைவெளியில் ஒருத்தியை உட்கார வைத்துப் பார்த்தேன். இன்னும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

2

மழை தூறிக்கொண்டிருந்த மாலையில் அவள் கல்லூரிப் படியேறி—

வேண்டாம். எனக்குக் கதை வராதபோதெல்லாம் மழை வந்துவிடுகிறது.

நேராகச் சொல்கிறேன். அவள் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். வயது நாற்பத்து மூன்று. மாதக் கடைசியில் அவள் நாற்காலிக்கு ஒரு மெஷின் குரல் வரப்போகிறது. அதே மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் ஓர் இடம் காலி. சான்றிதழ் இருந்தால் அவளுக்கு. அதனால்தான் மாலைக் கல்லூரி. "ஹோம்வொர்க் முடிச்சியாம்மா?" என்று மகள் தினமும் பழிதீர்க்கிறாள்.

3

வாத்தியாருக்கு வகுப்பு வைத்த பெயர் பூட்டு சார். அவளைவிட இளையவர். "யார் நம்பர் கேட்டாலும் நம்பாதீங்க" என்பது அவர் பாடம். தேர்வு என்னவென்றால், யாரோ போனில் கூப்பிட்டு, அவள் செல்லுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்பார்கள். கொடுத்தால் தோல்வி.

கேட்டதும் நம்பரை எடுத்துக் கொடுப்பதுதான் அவள் இத்தனை வருடம் பார்த்த வேலை. முதல் முறை, கேட்ட பெண்ணின் பின்னால் ஒரு குழந்தை அழுதது. கொடுத்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் குழந்தை யூட்யூப்ல அழுதுச்சு."

"எங்க அழுதாலும் குழந்தைதானே சார்."

இன்னும் ஒரே வாய்ப்பு. எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்களாம்.

4

ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் முன்னாள் பஸ் கண்டக்டரின் குரல்.

"தங்கச்சி, நான்தாம்மா. போன் தொலைஞ்சுபோச்சு. பிராஜெக்டை இப்பவே ஏத்தணும், இல்லேன்னா இந்த வருஷம் போச்சு. காலேஜ் கணக்குல மாத்து நம்பரா உன்னோடதைத்தான் குடுத்திருக்கேன். ஒண்ணு வந்திருக்கும், படி."

வந்திருந்தது. ஆறு இலக்கம். கீழே, யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி.

"பாவம்டி, சொல்லித் தொலையேன்" என்றார் கணவர்.

"வச்சிடும்மா. இது பூட்டு சார் வேலை" என்றாள் மகள்.

"குரல் அண்ணன் குரல்தாண்டி."

"குரலையும் இப்பல்லாம் செய்யறாங்கம்மா."

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணா, அண்ணி நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." அவர் கொடுத்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதையும் அவரேதானே குடுத்தாரு?"

(இந்த யோசனையை அவளுக்குக் கொடுத்தது நான். வெட்கமாக இருக்கிறது.)

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எண்ணைச் சொல்கிறாள். மறுமுனையில் பூட்டு சார் பெருமூச்சு விடுகிறார். இன்னொன்றில் சொல்லவில்லை, திங்கட்கிழமை கண்டக்டர் வகுப்புக்கு வரவில்லை. இரண்டையும் கிழித்தேன். அந்தக் கண்டக்டரை உண்டாக்கியவனே நான்தான். பேசுவது அவர்தானா என்று எனக்கே—

"லைன்ல இருங்கண்ணா" என்றாள் அவள், தொழில் குரலில்.

"இருக்கேம்மா. சீக்கிரம்."

எண் காலாவதியாகிக்கொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். போனை வாங்கி உங்கள் கையில் தருகிறேன். ஆறு இலக்கமும் திரையில் இருக்கின்றன. நீங்கள் மூச்சு விடுவது அந்தப் பக்கம் கேட்கிறது போலிருக்கிறது.

"தங்கச்சி" என்கிறது குரல், கொஞ்சம் தயங்கி. "நீதானா அது?"