ஒரே கொட்டகையில் ஏழு நாய்கள்

சென்னை ஆய்வகத்திலிருந்து போன் வந்ததும் தஹ்மீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாயில்பட்டிப் பக்கம் கால்நடை டாக்டராக வந்து ஒரு வருஷமாக மாட்டுக்கு ஊசி போட்டதுதான் மிச்சம். இப்போது, அவள் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட நாய்க் கழிச்சலில், நாய்களுக்கே உரிய கொரோனா வைரஸ் இருக்கிறதாம். அதுவும் ஒன்றல்ல, ஒரே நாயின் குடலில் இரண்டு வகை! விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருந்த அத்தாவுக்கு உடனே போன் போட்டாள். நாய் வயிற்றுப்போக்குக்கா இம்புட்டுச் சந்தோஷம் என்று அவர் சிரித்தார்.

அவருக்கு என்ன தெரியும்? ஊர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் காவல் நாய்கள் கழிந்து, இரண்டு குட்டிகள் செத்ததும், வாட்ச்மேன் கோட்டைச்சாமி வெடிமருந்து அறையைத் திறந்து போட்டதால் நாய்கள் நக்கிவிட்டன என்று மேனேஜர் சங்கரலிங்கம் முடிவு கட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பட்டாசு ஊரில் வேறெதுவும் யாருக்கும் தோன்றாது. தஹ்மீனாவுக்கே தோன்றவில்லை. மிச்சமிருந்த ஏழு நாய்களையும் அந்த அறைப் பக்கம் அண்டவிடாமல், கோடியிலிருந்த காலிக் கொட்டகையில் சேர்த்துக் கட்டச் சொன்னதே அவள்தான். நாலே நாளில், நன்றாக இருந்தவையும் கழிய ஆரம்பித்தன. அப்புறம்தான் சந்தேகம் வந்து கழிச்சலை அனுப்பினாள்.

ஸ்கூட்டியை விரட்டிப் போய் மேனேஜரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கோட்டைச்சாமியை வரச் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்கு விட்டாள்.

"அண்ணே, உங்க மேல தப்பே இல்ல. இது கிருமி. கழிச்சல் வழியா ஒரு நாய்கிட்டயிருந்து இன்னொண்ணுக்கு ஒட்டுது. நாளைக்கே வேலைக்கு வாங்க."

பத்து நாளாகத் தெருவில் தலைகாட்டாதிருந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தஹ்மீனா அதோடு நிறுத்தினாளா? இரண்டு வகை ஒரே நாயில் கிடைப்பது எம்புட்டுப் பெரிய விஷயம், ஆய்வகத்தார் எழுதப்போகும் கட்டுரையில் தன் பேரும் வரப்போவது என்று கொட்டித் தீர்த்தாள். கோட்டைச்சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணுகிட்டயிருந்து ஒண்ணுக்கு ஒட்டும்னா, நாய்களத் தனித்தனியாக் கட்டிட்டீகளா டாக்டரம்மா?"

போன் வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. ஏழும் இன்னும் அந்தக் கொட்டகையிலேதான், ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு.

"இல்லண்ணே," என்றாள்.

கோட்டைச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தார்.